பழைய கடல்நீர்த் தொட்டியிலிருந்து புதியதுக்கு: மணலை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள்

நீங்கள் கேட்டது இது: 5 வருடமாக ஓடும் 90×45×45 செ.மீ. தொட்டி, பின் மூலையில் சிலிகான் ஓரமாக உப்பு பூக்கிறது, அதே இடத்தில் 120×55×55 தொட்டி ஒன்றை சம்ப்போடு (கீழே வைக்கும் ஃபில்டர் தொட்டி) வைக்க வேண்டும். உள்ளே ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு யெல்லோ டாங், மணல் சலிக்கும் டைமண்ட் கோபி, ஒரு பபிள் டிப் அனிமோன், ஹாமர் கோரல், ஒரு லெதர் கோரல், கொஞ்சம் ஜோவாந்திட் (பவளத்தின் உறவான, கூட்டமாக வளரும் சிறு உயிர்கள்). புதுத் தொட்டியை ஒரு மாதம் சைக்கிள் பண்ண (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும்வரை மீன் இல்லாமல் ஓட்ட) வேண்டுமா, பழைய மணலையும் தண்ணீரையும் அப்படியே போடலாமா, எல்லாம் ஒரே நாளில் முடியுமா?

ஒரே நாளில் முடியும். சைக்கிள் தேவையில்லை. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், மணலை எடுக்காதீர்கள். சுருக்கமாக இவ்வளவுதான், ஆனால் காரணம் தெரியாமல் செய்தால் நடுவில் ஏதாவது ஒன்று மாறும்போது என்ன செய்வதென்று புரியாது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தொட்டி "சைக்கிள் ஆகிவிட்டது" என்று நாம் சொல்வது கண்ணாடியைப் பற்றியதே இல்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. உங்கள் லைவ் ராக்கின் (உயிர்கள் குடியேறிய பாறை) ஒவ்வொரு துளையிலும், ஃபில்டருக்குள் கிடக்கும் செராமிக் வளையங்களிலும், மணலின் மேல் அடுக்கிலும் அவை இருக்கின்றன, தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. நீங்கள் அதே பாறை, அதே மீன்களோடு போகிறீர்கள். அம்மோனியா உற்பத்தியும் கூடவில்லை, அதைத் தின்பவையும் குறையவில்லை. அப்படியிருக்க ஒரு மாதம் காலித் தொட்டியை ஓட்டுவதால் என்ன வரப்போகிறது? அதே இடத்தில் வைக்கப்போகிறீர்கள் என்பதால் அது நடக்கவும் நடக்காது.

அப்படியானால் தொட்டி மாற்றும்போது ஏன் இத்தனை பேருக்கு மீன் சாகிறது? பெரும்பாலும் மணலால்தான்.

5 வருட மணலை மேலிருந்து பார்த்தால் வெள்ளையாகத்தான் தெரியும். முன்பக்கக் கண்ணாடியில் மணல் புதைந்திருக்கும் பகுதியைக் குனிந்து பாருங்கள், சாம்பல் பட்டையும் சில இடங்களில் கறுப்புத் திட்டுகளும் இருக்கும். அங்கே ஆக்சிஜன் கிடையாது. 5 வருடச் சாப்பாட்டு மிச்சம், கழிவு, செத்த புழு பூச்சி எல்லாம் அங்கே பாதி மக்கிய நிலையில் அடைந்து கிடக்கின்றன. அசைக்காதவரை தொந்தரவு இல்லை. கிளறினால் அம்மோனியா வெளியே வரும், ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும் (அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுதான்), கூடவே மக்காத கழிவெல்லாம் ஒரேயடியாகத் தண்ணீரில் கலந்து, அதைச் சிதைக்கக் கிளம்பும் பாக்டீரியாக்கள் இருக்கும் ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். மூன்றும் ஒன்றாகச் சேரும்போது மீன் காலையில் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். புதுத் தொட்டிக்குப் பழியைப் போடுகிறோம், ஆனால் குற்றவாளி பழைய மணல்.

கழுவிப் போடலாமே என்பீர்கள். போடலாம், ஒரு தப்பும் இல்லை, ஆனால் "கழுவுவது" என்றால் ஒரு மக் மணலைப் பக்கெட்டில் போட்டுக் குழாயைத் திறந்து, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடும்வரை கலக்கிக்கொண்டே இருப்பது. 30 கிலோ மணலை அப்படிக் கழுவ அரை நாள் போகும், இடுப்பும் போகும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள பாக்டீரியா செத்துவிடுமே என்று பாதியில் நிறுத்துபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாதி கழுவிய மணல் கழுவாத மணலை விட ஒன்றும் பெரிதாக மேல் இல்லை. பாக்டீரியா போனால் போகட்டும், பாறையில் வேண்டிய அளவு இருக்கிறது. என் கணக்கில் புது அரகோனைட் மணல் வாங்கி, அதையும் தூசி போக அலசிப் போடுவதுதான் நிம்மதி. புழு, கோப்பிபாட் போன்ற சின்ன உயிர்கள் புது மணலுக்கும் பரவ வேண்டுமென்றால், பழைய தொட்டியில் சுத்தமாகத் தெரியும் இடத்தில் மேலாக ஒரு சென்டிமீட்டர் மட்டும் வழித்து ஒரு டம்ளர் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இன்னும் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு, கசிவு பொறுத்துக்கொள்ளும் என்றால். மாற்றும் நாளுக்கு முன்பே வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது தொட்டியின் கால்பாக மணலை அகல ட்யூபால் உறிஞ்சி வெளியேற்றுங்கள். ஒவ்வொரு வாரமும் பாறையில் இருக்கும் பாக்டீரியா அந்த இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும், கடைசி நாளில் கிளற ஒன்றும் மிச்சமிருக்காது. டைமண்ட் கோபிக்காக ஒரு மூலையை மட்டும் கடைசிவரை விட்டு வையுங்கள், அது மணலை வாயில் அள்ளிச் சலித்துத்தான் சாப்பிடுகிறது.

கசிவு என்றதும் நினைவுக்கு வருகிறது, அது உண்மையிலேயே கசிவுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேலே தெறிக்கும் துளிகளும் அப்படித்தான் உப்பாகப் படியும். அந்த மூலையை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகு டிஷ்யூ பேப்பரை ஒட்டினாற்போல் வைத்து, மறுநாள் காலையில் எடுத்துப் பாருங்கள். கீழ்ப்பாதி மட்டும் ஈரமாகி, மேல்பாதி காய்ந்திருந்தால் சிலிகான் விட்டுவிட்டது. அப்படியென்றால் மேலே சொன்ன நாலு வாரத் திட்டத்தை மறந்துவிட்டு, தண்ணீர் மட்டத்தை முடிந்தவரை குறைத்து வைத்து, சீக்கிரம் மாற்றுங்கள்.

புதுத் தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 12 மி.மீ. கண்ணாடி என்றால் தொட்டி மட்டுமே 80 கிலோ பக்கம் வரும், தண்ணீர், பாறை, மணல் சேர்ந்தால் 450 கிலோவைத் தொடும், சம்ப்பும் ஸ்டாண்டும் தனி. ஸ்டாண்ட் ரசமட்டத்தில் இருக்க வேண்டும், விளிம்புச் சட்டம் இல்லாத தொட்டி என்றால் அடியில் ஃபோம் ஷீட். தூக்க நாலு பேர். மாற்றும் நாளுக்கு முன்னாலேயே வேறு எங்காவது சமதளத்தில் வைத்துச் சாதாரணத் தண்ணீர் நிரப்பி ரெண்டு மூன்று நாள் விட்டுக் கசிவு பார்த்துவிடுங்கள். சம்ப் உங்களுக்குப் புதிது என்பதால் இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அந்தச் சோதனையின்போதே பைப்பை மாட்டி, பம்பை ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். கரண்ட் போனால் மேலிருக்கும் தண்ணீர் ஓவர்ஃப்ளோ விளிம்புவரையும், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதுவரையும் சம்ப்புக்கு இறங்கும். உங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 6.6 லிட்டர். ரிட்டர்ன் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 33 லிட்டர் கீழே வரும், சம்ப்பில் அவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும். இறங்கி நின்ற மட்டத்தைப் பார்த்து, ஓடும்போது சம்ப்பில் அதிகபட்சம் எவ்வளவு நிற்கலாம் என்று மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். இதைத் தரையில் உப்புத்தண்ணீர் ஓடும்போது தெரிந்துகொள்வதை விட இப்போது தெரிந்துகொள்வது மேல்.

இனி தண்ணீர். இதில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பழைய தொட்டியில் பாறையும் மணலும் போக 150 லிட்டர் இருக்கும், அதில் கலங்காமல் எடுக்க முடிவது 120 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். புதுத் தொட்டியும் சம்ப்பும் சேர்ந்து 340 லிட்டர் கேட்கும். ஆக, 220 லிட்டர் புதுத் தண்ணீர், மூன்றில் ரெண்டு பங்கு. பழைய தண்ணீரைக் கொண்டுபோவது பாக்டீரியாவுக்காக இல்லை, உயிர்களுக்குப் பழகிய வேதியியல் ஒரேயடியாக மாறக்கூடாது என்பதற்காக. ஆனால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் பழையது என்றால், புதுத் தண்ணீர் எப்படியிருக்கிறதோ அப்படித்தான் தொட்டி இருக்கும்.

ஒரு உதாரணம். உங்கள் பழைய தொட்டியில் ஆல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்ட எடுக்கும் கார்பனேட்டின் அளவு, அலகு டிகேஹெச்) 7.5 டிகேஹெச் இருக்கிறது, வாங்கிய உப்பு கலக்கினால் 11 வருகிறது என்று வையுங்கள். 120 லிட்டர் 7.5-லும் 220 லிட்டர் 11-லும் கலந்தால் 9.8 வரும். ஒரே மதியத்தில் 2.3 டிகேஹெச் ஏற்றம். லெதருக்கும் ஜோவாந்திட்டுக்கும் இது பெரிதில்லை, ஹாமர் முகம் சுளிக்கும், அக்ரோபோரா மாதிரி எஸ்பிஎஸ் (சின்னப் பாலிப் உள்ள கல்பவளம்) யாராவது வைத்திருந்தால் நுனி வெளுத்துவிடும். வழி எளிதுதான்: வாங்கிய உப்பில் ஒரு பக்கெட் கலக்கி ஆல்கலினிட்டி, கால்சியம், மெக்னீசியம் பாருங்கள், பிறகு மாற்றும் நாளுக்கு முந்தைய சில வாரங்கள் அதே உப்பிலேயே கொஞ்சம் பெரிதாகத் தண்ணீர் மாற்றுங்கள். பழைய தொட்டி மெல்ல மெல்லப் புதுத் தண்ணீரின் அளவுகளை நெருங்கிவிடும். மாற்றும் நாளில் உயிர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

உப்பளவும் அப்படித்தான். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026 என்பது நல்ல இலக்கு, ஆனால் உங்கள் தொட்டி இவ்வளவு நாளும் 1.023-இல் ஓடியிருந்தால் அன்றைக்குப் போய்த் திருத்தாதீர்கள், அதே 1.023-இல் கலக்குங்கள், திருத்தத்தைப் பிறகு வாரக்கணக்கில் செய்யலாம். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி கரைசல் வைத்து சரிபார்த்துவிட்டு அளக்க வேண்டும். கலக்கும்போது தண்ணீரில் உப்பைக் கொட்டுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஊற்றினால் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்து அளவெல்லாம் இறங்கிவிடும். 220 லிட்டருக்கு உப்பு எட்டரை கிலோ சுற்றி ஆகும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அவசரத்துக்கு இன்னொரு 60, 70 லிட்டர் கலக்க உப்பும் ஆர்ஓ டிஐ (வடிகட்டிச் சுத்தமாக்கிய) தண்ணீரும் கையில் இருக்கட்டும். முந்தின நாளே கலக்கி, பம்பும் ஹீட்டரும் போட்டு, 25, 26 டிகிரியில் சுற்றவிடுங்கள். நாற்பது லிட்டர் பக்கெட்டுகளை வரிசையாக வைப்பதை விட ஒரு பெரிய தண்ணீர் டிரம்மும் அதற்குள் போட ஒரு பம்பும் இருந்தால் வேலை பாதியாகும்.

பாறைகளை எப்படி அடுக்குவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அன்றைக்கு நின்று யோசித்தால் பாறை காய்ந்துகொண்டிருக்கும். நியூஸ் பேப்பரை 120×55 அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து, இருக்கும் பாறைகளின் அளவைத் தோராயமாக வரைந்து பாருங்கள். கண்ணாடியிலிருந்து எல்லாப் பக்கமும் எட்டுப் பத்து சென்டிமீட்டர் விட்டால்தான் கண்ணாடி துடைக்கும் மேக்னட் போய்வரும். புதுப் பாறையும் சேர்ப்பதாக இருந்தால் அதை முன்பே தனி டப்பாவில் உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, பாஸ்பேட் எவ்வளவு கக்குகிறது என்று பாருங்கள், கடையிலிருந்து நேரே தொட்டிக்குள் போட வேண்டாம்.

சரி, மாற்றும் நாள். காலையிலேயே ஆரம்பியுங்கள், மதியம் ரெண்டு மணிக்கு ஆரம்பித்தால் நள்ளிரவில் களைத்துப்போய்த் தப்பு செய்வீர்கள். முதல் வேலை ஹீட்டரை அணைப்பது. அணைத்து இருபது நிமிடம் தண்ணீருக்குள்ளேயே ஆறட்டும், சூடான ஹீட்டர் காற்றில் பட்டால் கண்ணாடி வெடிக்கும். பைப், வயர் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒன்றையும் தொடாமல், மேலிருந்து சுத்தமான தண்ணீரை ட்யூபால் டிரம்முக்கு இறக்குங்கள். எதையாவது அசைத்த நிமிடம் தண்ணீர் கலங்கிவிடும், கலங்கிய தண்ணீர் சாக்கடைக்குத்தான். அதனால் வேண்டிய 120 லிட்டரில் பெரும்பகுதியை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். பாறை, பவளம் வைக்கும் டப்பாக்களையும் இந்தத் தண்ணீரிலேயே நிரப்புங்கள்.

பிறகு பவளங்கள். பம்பை நிறுத்திச் சில நிமிடம் கழித்து ஹாமருக்குப் பக்கத்தில் கையை லேசாக வீசினால் சதையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம்தான் தூக்க வேண்டும். உப்பியபடியே வெளியே எடுத்தால் உள்ளிருக்கும் தண்ணீரின் கனத்தில் சதை தன் எலும்பு விளிம்பிலேயே கிழியும், கிழிந்த தலை பெரும்பாலும் தேறாது. லெதருக்குத் தனி டப்பா, எரிச்சலானால் அது விடும் ரசாயனங்கள் மற்ற பவளங்களுக்கு ஆகாது. ஜோவாந்திட் பாறையைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள், சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது, கையில் வெட்டுக்காயம் இருந்தால் கவனம். அந்தப் பாறையைச் சுரண்டவோ, வெந்நீர் ஊற்றவோ, கொதிக்க வைக்கவோ வேண்டாம், ஆவியாகவும் தூளாகவும் அதைச் சுவாசித்து ஆஸ்பத்திரி போனவர்கள் உண்டு. கையுறை எப்படியும் வேண்டும், பாறைக்குள் இருக்கும் பிரிசில் புழுவின் முள் ஏறினால் ரெண்டு நாள் அரிக்கும்.

அனிமோனைப் பாறையிலிருந்து பிய்க்காதீர்கள். பாதம் கிழிந்தால் அதோடு முடிந்தது. அது எந்தப் பாறையில் ஒட்டியிருக்கிறதோ அந்தப் பாறையோடேயே தூக்கித் தனி டப்பாவில் வையுங்கள்.

பாறைகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது, உப்புத்தண்ணீர் இருக்கும் ஒரு பக்கெட்டில் முக்கி நாலைந்து முறை பலமாக ஆட்டுங்கள். பழுப்பு நிறத்தில் மண்டி மாதிரி கொட்டும், முதல் ரெண்டு பாறைக்கே பக்கெட்டின் அடி தெரியாமல் போய்விடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். இதுதான் அன்றைய நாளின் மிக முக்கியமான வேலை என்பேன், ஏனென்றால் பாறையோடு போகும் அழுக்குதான் புது மணலில் முதல் நாளே உட்காரும். ஆட்டிய பாறை உடனே பம்பும் ஹீட்டரும் ஓடும் டப்பாவுக்குள் போக வேண்டும். பாறை சில நிமிடம் வெளியே இருப்பதால் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் துளைகளில் வளர்ந்திருக்கும் கடற்பஞ்சுக்குக் காற்றே ஆகாது, அது செத்தால் பாறைக்குள்ளேயே அழுகி அம்மோனியா விடும். பஞ்சு அதிகம் இருக்கும் பாறையைத் தண்ணீருக்கு அடியிலேயே டப்பாவில் ஏந்தி மாற்றலாம்.

மீனைக் கடைசியில் பிடியுங்கள். பாறை இருக்கும்வரை யெல்லோ டாங்கைத் துரத்துவது வீண், தண்ணீரைக் கலக்குவதுதான் மிச்சம். பாறையெல்லாம் போய், தண்ணீர் 15 செ.மீ. ஆனபின் அது தானாகவே மாட்டும். வலை வேண்டாம், டாங்கின் வாலடியில் ரெண்டு பக்கமும் கத்தி மாதிரி முள் இருக்கிறது, வலையில் சிக்கினால் அதுவும் காயப்படும், உங்கள் கையும் கிழியும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்துப் பிடித்து அதற்குள் ஓட்டுங்கள். கோபி மணலுக்குள் பதுங்கும், அவசரப்படாமல் தேடுங்கள். மீன் டப்பாவுக்கு மூடி கட்டாயம், கோபி குதிப்பதில் மன்னன். ஏர் பம்பும் ஹீட்டரும் வேண்டும்: 25 டிகிரிக் கடல்நீர் முழுக்க நிறைந்தாலும் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் ஆக்சிஜன் பிடிக்கும், பயந்து மூச்சிரைக்கும் மீன்கள் அசையாத பக்கெட்டில் அதைச் சீக்கிரம் தீர்த்துவிடும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

எஞ்சிய தண்ணீரோடும் மணலோடும் பழைய தொட்டியைத் தூக்காதீர்கள். முழுக்கக் காலி செய்த பிறகே நகர்த்துங்கள், ஏற்கனவே விட்டுப்போன சிலிகான் அது.

புதுத் தொட்டி இடத்தில் உட்கார்ந்ததும் பாறை முதலில், நேரே அடிக்கண்ணாடி மேல். மணலைப் போட்டு அதன்மேல் பாறை அடுக்கினால், கோபி தோண்டித் தோண்டி ஒரு நாள் சரித்துவிடும். கையால் அழுத்தி ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மணலைச் சுற்றிப் பரப்புங்கள், நாலு செ.மீ. போதும். பாறை காய்வதற்குள் மணல் மேல் ஒரு தட்டு வைத்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீரை விடுங்கள். எவ்வளவு பார்த்துச் செய்தாலும் கொஞ்சம் கலங்கும், புது மணலின் வெள்ளைக் கலங்கல் மீனுக்கு ஆபத்தில்லை, மெல்லிய ஃபில்டர் சாக்ஸ் ஒன்று மாட்டினால் சில மணி நேரத்தில் தெளியும். பம்ப், ஹீட்டர், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி), பழைய ஃபில்டரின் செராமிக் வளையங்கள் (சம்ப்பில் ஒரு வலைப்பையில்) எல்லாம் போட்டு, வெப்பமும் உப்பளவும் டப்பாக்களில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று அளந்துவிட்டுத்தான் உயிர்களை விட வேண்டும். பவளம் முதலில், மீன் கடைசியில். விடும் முன் அம்மோனியா ஒருமுறை பார்த்துவிடுங்கள். மீன் டப்பாவின் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள், அதில் அன்று முழுக்கச் சேர்ந்த அம்மோனியா இருக்கிறது.

அனிமோன் புது இடத்தில் நிச்சயம் நடக்கும், ஒரு வாரத்துக்கு எல்லா பவர்ஹெட்டுக்கும் (தொட்டிக்குள் தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) வலைக் கவசமோ ஸ்பான்ஜோ போட்டு வையுங்கள். பம்புக்குள் போய் அரைபட்ட அனிமோன் மொத்தத் தொட்டியையும் கெடுத்துவிடும்.

முதல் நாள் சாப்பாடு வேண்டாம். அடுத்த சில நாள் வழக்கத்தில் பாதி போதும். டைமண்ட் கோபிக்கு மட்டும் விதிவிலக்கு, புது மணலில் சலித்துத் தின்ன ஒன்றும் இருக்காது, மைசிஸ் இறாலையோ ஆர்ட்டீமியாவையோ பிப்பெட்டால் அதன் முகத்துக்கு நேரே மணலில் விடுங்கள், இல்லையென்றால் கண்ணெதிரே வயிறு ஒட்டிப்போகும். அம்மோனியாவை அன்று இரவும், பிறகு ஒரு வாரம் தினமும் பாருங்கள். 0.25 காட்டினால் பதற வேண்டாம், மலிவான கிட்டுகள் சும்மாவே அப்படிக் காட்டும். 0.5 தெளிவாகக் காட்டினால் தண்ணீர் மாற்றுங்கள், அம்மோனியாவைக் கட்டும் மருந்தும் விடலாம், ஆனால் அதைப் போட்டபின் ஸ்கிம்மர் கோப்பை பொங்கி வழியும், சாதாரண கிட்டும் கட்டுண்ட அம்மோனியாவைச் சேர்த்தே காட்டும், ரெண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரைட் கொஞ்சம் தெரிந்தால் பொருட்படுத்தாதீர்கள், கடல்நீரில் குளோரைடு அதிகம் இருப்பதால் அது நன்னீரில் போல மீனைத் தாக்காது. ரெண்டாம் நாள் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தால் அது பாக்டீரியா பெருக்கம், ஸ்கிம்மரையும் மேற்பரப்பு அசைவையும் கூட்டினால் போதும். மூன்றாம் வாரம் மணலில் பழுப்பாக டயாட்டம் படியும், தானே போகும், அதற்கென்று எந்த மருந்தும் வாங்க வேண்டாம்.

டாங்கை மட்டும் தினமும் நன்றாகக் கவனியுங்கள். அலைக்கழிப்புக்குப் பிறகு வெள்ளைப் புள்ளி நோய் முதலில் அதற்குத்தான் வரும். வந்தால் தனித் தொட்டியில் வைத்தியம், பவளமும் அனிமோனும் இருக்கும் தொட்டியில் காப்பர் கலந்த எதுவும் கூடாது. சொல்லப்போனால் 90 செ.மீ. தொட்டியில் ஒரு டாங் இருந்ததே நியாயமில்லை, இந்த மாற்றத்தில் அதிகம் சந்தோஷப்படப்போவது அதுதான்.

புது எல்இடி விளக்கு வாங்கியிருந்தால் 40 சதவீதத்தில் ஆரம்பித்து ரெண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். தொட்டி ஆழம் கூடியிருக்கிறதே, வெளிச்சம் பத்தாதே என்று முதல் நாளே முழுசாகப் போட்டால் பவளம் வெளுக்கும்.

இன்னொரு இடத்தில் கணக்கு குழம்பும்: டோசிங். தொட்டி ரெண்டு மடங்கு ஆனது என்று தினசரி விடும் ஆல்கலினிட்டி, கால்சியம் அளவை ரெண்டு மடங்காக்கிவிடாதீர்கள். அந்த அளவு தண்ணீரைப் பொறுத்ததில்லை, பவளங்கள் ஒரு நாளில் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதைப் பொறுத்தது, பவளம் அதேதான். பழைய அளவையே தொடர்ந்து, ரெண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்து மாற்றுங்கள். குறைந்துபோன அளவை ஏற்றிவிட ஒருமுறை விடும் டோஸுக்கு மட்டும்தான் மொத்த லிட்டர் கணக்கு.

இடம் நிறைய இருக்கிறது என்று உடனே புது மீன் வாங்கவும் வேண்டாம். பாறையிலிருக்கும் பாக்டீரியா இப்போதைய மீன்களின் அளவுக்குத்தான் இருக்கிறது. ஒரு மாதம் அம்மோனியா பூஜ்யத்தில் நின்றால் ஒன்றை வாங்கலாம், அதையும் முதலில் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு.

கடைசியாக, பழைய தொட்டியைத் தனிமைத் தொட்டியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். கசியும் மூலையில் மேலாகக் கொஞ்சம் சிலிகான் பூசி ஓட்ட நினைக்காதீர்கள், காய்ந்த பழைய சிலிகானின் மேல் புதியது ஒட்டாது. உள்பக்கச் சிலிகான் முழுவதையும் பிளேடால் வழித்து, துடைத்து, ஒரே மூச்சில் புதிதாகப் பூசி, ஒரு வாரம் காயவிட்டு, வெளியே வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். பூசணத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் மட்டும் வேண்டாம், மீன்தொட்டிக்கென்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். கண்ணாடிகளை ஒன்றோடொன்று பிடித்திருக்கும் நடுப்பட்டையிலேயே காற்றுக்குமிழியோ வெள்ளை விரிசலோ தெரிந்தால் அந்த வேலையும் வேண்டாம், தொட்டியைப் பிரித்துக் கண்ணாடியாக வைத்துக்கொள்ளுங்கள், சம்ப்பில் தடுப்புகளுக்கு ஆகும்.